சதுப்பு நிலத்தை மூடினால் ஈடு எங்கே? அமெரிக்க ஈட்டு வங்கிகள்: முழுமையான வழிகாட்டி

புளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் ஒரு கம்பெனி 40 ஏக்கர் வாங்கிக் கிடங்கு கட்டப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் ஒரு மூலை தாழ்வு. சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. மழை மாதங்களில் அங்கே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கும். வறண்ட மாதங்களில் வெறும் கருப்பு மண். அந்த மூலையில் 3 ஏக்கரையாவது மூடாமல் லாரி உள்ளே வந்து திரும்ப இடமில்லை. நம் ஊரில் என்றால் நாலு லோடு கிராவல் அடித்து மேடாக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அங்கே முதல் லோடு இறங்குவதற்கு முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும். அந்த 3 ஏக்கர் இதுவரை செய்துவந்த வேலையை வேறு எங்காவது ஈடு கட்டியும் ஆக வேண்டும்.

அந்த ஈட்டைக் காசு கொடுத்து வாங்கும் இடம்தான் சதுப்பு நில ஈட்டு வங்கி. அங்குள்ளவர்கள் 'மிட்டிகேஷன் பேங்க்' என்பார்கள். யாரோ ஒருவர் முன்கூட்டியே, சொந்த முதலீட்டில், கெட்டுப்போன ஒரு பெரிய சதுப்பை மீட்கிறார். மீண்டுவிட்டது என்று அதிகாரிகள் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவருக்குக் கிரெடிட், அதாவது விற்கக்கூடிய ஈட்டு அலகு, கிடைக்கிறது. அதை அவர் கிடங்கு கட்டுபவருக்கு விற்கிறார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரெடிட் எப்போது, எதைக் காட்டிய பிறகு விற்பனைக்கு வருகிறது என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் படித்தால் 'காசு கொடுத்துக் காட்டை அழிக்கும் திட்டம்' என்று தோன்றும். அதை மட்டும் கவனித்தால் மற்ற விதிகள் ஏன் அப்படி எழுதப்பட்டன என்பது தானாகப் புரியும்.

இந்தக் கற்பனைக் கிடங்கையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். முதல் பாதி கிரெடிட் வாங்குபவருக்கு, இரண்டாம் பாதி வங்கி தொடங்குபவருக்கு. அமெரிக்காவில் சிவில், நிலமேம்பாட்டு வேலையில் இருக்கும் நம்மவர்கள் இரண்டு பக்கமும் உட்கார நேரிடும் என்பதால் இரண்டையும் படித்துவிடுவது நல்லது.

முதலில் கொஞ்சம் பின்னணி

1780களில், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களின் பரப்பில் சுமார் 22 கோடி ஏக்கர் சதுப்பு நிலம் இருந்தது என்பது அரசு மதிப்பீடு. 1980களில் மிஞ்சியது 10 கோடியைச் சற்றே தாண்டிய அளவு. சதுப்பை வடித்து வயலாக்குவதுதான் முன்னேற்றம் என்று அரசே காசு கொடுத்து ஊக்குவித்த காலம் ஒன்று இருந்தது. 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதன் 404ஆம் பிரிவின்படி நீர்நிலையிலோ சதுப்பிலோ தோண்டிய மண்ணையும் நிரப்பு மண்ணையும் கொட்ட அனுமதி வேண்டும். அனுமதி தருவது ராணுவப் பொறியாளர் படை. ஆமாம், அணையும் துறைமுகமும் கட்டும் அதே படைதான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. மேற்பார்வை செய்கிறது, வேண்டுமானால் தடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

1980களின் இறுதியில் 'நிகர இழப்பு கூடாது' என்பது தேசியக் கொள்கையானது. ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 1988 தேர்தலில் அதை வாக்குறுதியாகவே கொடுத்தார். 1995-ல் வங்கிகளுக்கான கூட்டாட்சி வழிகாட்டுதல் வந்தது. ஆனால் 2001-ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆராய்ந்து பார்த்தபோது, ஈடாகச் செய்ய வேண்டிய சில வேலைகள் தொடங்கப்படவே இல்லை, செய்த பலவும் நிபந்தனையை எட்டவில்லை என்று தெரிந்தது. கட்டுமானக்காரரிடமே 'பக்கத்தில் ஒரு குளம் வெட்டிக்கொடு' என்று சொன்னால் அது எப்படி முடியும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கட்டடத்தை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். குளத்தைப் பார்க்க ஆள் இருக்காது. இதன் தொடர்ச்சியாக 2008 ஏப்ரல் 10-ல் வெளியான ஈட்டு விதிதான் இன்றைக்கும் அடித்தளம்.

படி 1: அது சதுப்புதானா, யாருடைய எல்லைக்குள் வருகிறது?

தண்ணீர் தேங்கினால் சதுப்பு, காய்ந்தால் மேடு என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பொறியாளர் படையின் 1987 கையேடும் அதன் வட்டாரத் துணைநூல்களும் மூன்று சாட்சிகளைக் கேட்கின்றன: ஈரம் தாங்கும் செடிகள், ஈரத்தில் ஊறிய மண், நீர் நின்றதன் அடையாளம்.

களத்தில் இது இப்படி நடக்கும். நிபுணர் ஆகர் என்ற, கையால் திருகும் துளைக்கருவியை இறக்கி, முக்கால் கை நீள ஆழத்துக்கு மண்ணை எடுத்து, வரிசை குலையாமல் தரையில் பரப்புவார். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கட்டியைப் பிட்டு, ஈரப்படுத்தி, மன்செல் வண்ணப் புத்தகத்தின் ஓட்டைக்குப் பின்னால் பிடித்து நிறத்தை ஒப்பிடுவார். நீண்ட நாள் நீரில் மூழ்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் இரும்பு கரைந்து வெளியேறும். மண் சாம்பல் நிறமாகும். வேர் போன பாதைகளில் மட்டும் காற்று புகுந்து துருப்பிடித்த ஆரஞ்சுக் கோடுகள் இருக்கும். ஆகரை வெளியே இழுக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுவே ஒரு சாட்சி. வறண்ட மாதத்தில் போனாலும் மண் பொய் சொல்லாது. சைப்ரஸ் மரத்தின் அடி எந்த உயரம் வரை பருத்திருக்கிறது, பாசியும் லைக்கனும் எந்தக் கோட்டில் நின்றுவிடுகின்றன என்று பார்த்தே தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்லிவிடுவார்கள். எல்லையில் பிளாஸ்டிக் நாடா கட்டி, சர்வேயர் அளந்து, வரைபடமாக்கிய பிறகுதான் அடுத்த பேச்சு.

இப்போது எல்லைப் பிரச்சினை. 2023 மே 25-ல் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூட்டாட்சி எல்லையை வெகுவாகச் சுருக்கியது. ஓரளவு நிரந்தரமாக நீர் உள்ள ஆறு, ஏரி போன்றவற்றோடு தரைமட்டத்தில் தொடர்ச்சியாக இணைந்திருக்கும் சதுப்பு மட்டுமே 404-க்குள் வரும். நாலாபுறமும் மேடு சூழ்ந்து தனியே கிடக்கும் சதுப்பு வராது. இதைக் கேட்டு 'அப்பாடா' என்று புல்டோசரைக் கூப்பிட்டுவிடக் கூடாது. மாநிலச் சட்டம் தனி. புளோரிடாவில் ஐந்து நீர் மேலாண்மை மாவட்டங்கள் இருக்கின்றன; அவர்களுக்குச் சொந்தமாக எல்லை வகுக்கும் முறையும் அனுமதியும் உண்டு, தனித்துக் கிடக்கும் சதுப்பையும் அவர்கள் பார்ப்பார்கள். ஆகவே ஒரே நிலத்தில் இரண்டு கோடுகள் விழலாம். இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் கிடங்கு நிலத்தின் சைப்ரஸ் மூலை ஒரு ஓடையில் போய்ச் சேர்கிறது. ஆகவே இரண்டு அனுமதியும் வேண்டும்.

படி 2: தவிர், குறை, பிறகுதான் ஈடு

இந்த வரிசையை 1990-ல் படையும் இ.பி.ஏ.வும் செய்துகொண்ட ஒப்பந்தம் உறுதிப்படுத்தியது. முதலில் சேதத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாததைக் குறைக்க வேண்டும். மிஞ்சுவதற்கு மட்டும் ஈடு. 'கிரெடிட் வாங்கிவிடுகிறேன், கையெழுத்துப் போடுங்கள்' என்று நேரே மூன்றாவது படிக்குத் தாவினால் விண்ணப்பம் திரும்பி வரும்.

தண்ணீரை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்ற அவசியம் ஒரு படகுத்துறைக்கு உண்டு. கிடங்குக்கு இல்லை. அப்படிப்பட்ட திட்டத்துக்குச் சதுப்பில்லாத மாற்று இடம் இருக்கிறது என்றே விதி முன்கூட்டி எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் விண்ணப்பதாரர் தலையில். அதனால் பார்த்த மற்ற மனைகள், அவற்றின் விலை, சாலை வசதி, ஏன் ஒத்துவரவில்லை என்பதெல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். மனையை வாங்கிய பிறகு யோசித்து எழுதிய மாற்று ஆய்வு எப்படி இருக்கும் என்பது அதிகாரிக்கு நன்றாகவே தெரியும்.

குறைப்பது பொறியாளரின் வேலை. நம் கிடங்கின் முதல் வரைபடம் 5 ஏக்கர் சதுப்பை விழுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவான மண்கரைக்குப் பதில் தாங்குசுவர் வைத்து, மழைநீர்க் குளத்தை மேட்டுப் பக்கம் தள்ளி, வண்டி நிறுத்தத்தை ஒரு வரிசை குறைத்ததில் அது 3 ஆனது. தாங்குசுவருக்கு ஆன செலவு கிரெடிட் செலவில் மிச்சமானாலும் ஆச்சரியமில்லை.

அளவும் முக்கியம். வணிகக் கட்டடங்களுக்கான நாடு தழுவிய பொது அனுமதி அரை ஏக்கர் வரைக்கும்தான். அதற்குள்ளேயும் பத்தில் ஒரு ஏக்கரைத் தாண்டினால் பொதுவாக ஈடு கேட்பார்கள். 3 ஏக்கர் என்றால் தனி அனுமதி, பொது அறிவிப்பு, மற்ற துறைகளின் கருத்து, கூடவே மாநிலத்தின் நீர்த்தரச் சான்று. காலண்டரை அதற்கேற்பப் போடுங்கள்.

படி 3: இழப்பை எண்ணாக்குவது

3 ஏக்கர் போனால் 3 ஏக்கர் ஈடு என்று நினைப்பது இயல்பு. தகுந்த மதிப்பீட்டு முறை இல்லாத இடங்களில் குறைந்தபட்சம் ஒன்றுக்கு ஒன்று என்பதுதான் விதி. ஆனால் பல வட்டாரங்களில் பரப்போடு தரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். புளோரிடாவில் 2004 முதல் நடப்பிலுள்ள முறைக்கு 'யூமாம்' என்று பெயர். அது மூன்று கேள்விகள் கேட்கும்: இருப்பிடமும் சுற்றுப்புறமும் எப்படி, நீர்ச்சூழல் எப்படி, செடிகொடிகளின் அமைப்பு எப்படி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண்.

நம் சைப்ரஸ் மூலை ஒரு பக்கம் நெடுஞ்சாலை, உள்ளே கொஞ்சம் அயல் களை என்று இருக்கிறது. இருப்பிடம் 5, நீர் 6, செடி 5 என்று வைப்போம். மொத்தம் 30-க்கு 16, அதாவது 0.53. மண் கொட்டிய பிறகு பூஜ்யம். 0.53-ஐ 3 ஏக்கரால் பெருக்கினால் 1.6 வருகிறது. ஆக நமக்கு வேண்டியது சுமார் 1.6 கிரெடிட். அது தவிர, மூடாமல் விட்ட பகுதிக்கு வெளிச்சத்தாலும் சத்தத்தாலும் வரும் மறைமுகப் பாதிப்புக்கும் கொஞ்சம் சேரும்.

இப்போது வங்கிப் பக்கம் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேய்ச்சலுக்காக வடித்த 100 ஏக்கர் சைப்ரஸ் சதுப்பின் இன்றைய மதிப்பெண் 30-க்கு 11, மீட்ட பிறகு 24 ஆகும் என்று வைத்துக்கொண்டால் உயர்வு 0.43. அதோடு முடியவில்லை. மீள ஆறு முதல் பத்து ஆண்டு ஆகுமென்றால் அந்தத் தாமதத்துக்காக 1.25-ஆல் வகுக்க வேண்டும். தோற்றுப்போகும் அபாயத்துக்கு 1-லிருந்து 3 வரை ஒரு எண், நாம் 1.5 என்போம். அதனாலும் வகுத்தால் ஏக்கருக்கு 0.23. ஆக 100 ஏக்கரை மீட்டுக் கிடைப்பது வெறும் 23 கிரெடிட். 'நூறு ஏக்கர் வைத்திருக்கிறேன், நூறு கிரெடிட் விற்கலாம்' என்று கணக்குப் போட்டு நிலம் வாங்குபவர்கள் சறுக்குவது இந்த இரண்டு வகுத்தலில்தான்.

ஓடைகளுக்குக் கணக்கு வேறு. பெரும்பாலும் நீள அடியை வைத்து ஓடும். இயற்கை ஊற்று, மட்கிய செடிகள் அடுக்கடுக்காகப் படிந்த பீட் சதுப்பு மாதிரி புதிதாக உருவாக்க முடியாதவற்றைத் தொடாமலிருப்பதே மேல்.

படி 4: வங்கியைத் தேர்ந்தெடுப்பது

2008 விதி ஒரு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறது. முதலில் ஈட்டு வங்கியின் கிரெடிட். அது இல்லையென்றால் கட்டணத் திட்டம்: அரசு அமைப்போ லாபநோக்கற்ற நிறுவனமோ பலரிடம் பணம் வாங்கிச் சேர்த்து, பிறகு மீட்புவேலை செய்யும். அதுவும் இல்லையென்றால்தான் அனுமதி பெற்றவர் தானே செய்வது. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் வேலைக்கும் சேதத்துக்கும் இடையிலுள்ள காலம். வங்கியில் வேலை பெரும்பாலும் முந்துகிறது. கட்டணத் திட்டத்தில் பணம் முந்துகிறது. அதில், வேலைக்கு முன்பே விற்கும் கிரெடிட்டில் முதலாவதை விற்ற பிறகு மூன்றாவது முழு வளர்பருவத்துக்குள் நிலம் வாங்கித் தொடக்க வேலைகளை முடிக்க வேண்டும் என்பது விதி. தானே செய்வதில் எது முந்தும் என்பது அவரவர் மனசாட்சி.

பொறியாளர் படை நடத்தும் 'ரிபிட்ஸ்' என்ற இணையப் பதிவேட்டில் எல்லா வங்கிகளும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் மனையின் ஆயத்தொலைவைக் கொடுத்துத் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது சேவைப் பரப்பு. ஒவ்வொரு வங்கியும் ஒரு குறிப்பிட்ட வடிநிலத்துக்குள், அதாவது மழைநீர் ஒரே ஆற்றுக்கு வடிந்து சேரும் பரப்புக்குள், நடக்கும் சேதத்துக்குத்தான் விற்கலாம். மனை வடிநிலக் கோட்டுக்கு நூறு அடி வெளியே இருந்தாலும் கதை மாறிவிடும். அடுத்து வகை. மரச் சதுப்புக்கு மரச் சதுப்பு, புல் சதுப்புக்குப் புல் சதுப்பு, உப்பங்கழிக்கு உப்பங்கழி.

மூன்றாவது விஷயம் பலர் தவறவிடுவது. வங்கியின் மொத்தக் கிரெடிட் வேறு, இன்றைய தேதிக்கு விடுவிக்கப்பட்டு விற்காமல் இருக்கும் கிரெடிட் வேறு. பதிவேட்டில் 200 என்று இருக்கும். விற்கக்கூடியது 4 இருக்கும். புளோரிடாவில் மாநிலம் ஏற்ற கிரெடிட்டும் கூட்டாட்சி ஏற்ற கிரெடிட்டும் தனித்தனிக் கணக்கு. உங்களுக்கு இரண்டு அனுமதியும் வேண்டுமென்றால் இரண்டு பேரேட்டிலும் இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. வங்கி நடத்துபவர் சொல்வதுதான் விலை. ஆளரவமற்ற வட்டாரத்தில் பல்லாயிரம் டாலர், நெருக்கடியான கடலோரத்தில் சில லட்சம் டாலர் என்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். ஒரே வங்கி உள்ள வடிநிலத்தில் பேரம் பேசி அதிகம் ஆகாது.

படி 5: வாங்குவது, பொறுப்பு கைமாறுவது

நடைமுறை சுருக்கமானது. முன்பதிவுக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். அதற்கு ஒரு முன்பணம் கேட்பார்கள். இந்த வங்கியில், இந்த வகையில், இத்தனை கிரெடிட், மண் கொட்டுவதற்கு முன் வாங்க வேண்டும் என்று அனுமதியில் சிறப்பு நிபந்தனை வரும். வாங்கியதும் வங்கி படைக்கு எழுதி, தன் பேரேட்டிலிருந்து கழிக்கும்.

அந்தக் கடிதம் படைக்குப் போய்ச் சேர்வதில்தான் விஷயம் இருக்கிறது. வங்கி பொறுப்பேற்றதற்கான ஆவணம் படையின் கைக்கு வந்த பிறகு, ஈடு வெற்றியா தோல்வியா என்ற பொறுப்பு உங்கள் தலையை விட்டு இறங்குகிறது. பத்தாண்டு கழித்து அங்கே சைப்ரஸ் பட்டுப்போனாலும் உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த நிம்மதிக்குத்தான். ஆகவே ரசீதோடு நிற்காமல் அந்தக் கடிதத்தின் நகலையும் கோப்பில் போட்டு வையுங்கள். நிலத்தை மறுபடி விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்பார்.

படி 6: இப்போது மறுபக்கம் – வங்கிக்கு நிலம் பார்ப்பது

நல்ல நிலம் என்றால் நன்றாக இருக்கும் நிலம் இல்லை. கெட்டுப்போயும், மீளக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மேட்டில் புதிதாகச் சதுப்பை உருவாக்குவதைவிட, ஒரு காலத்தில் சதுப்பாக இருந்ததை மீட்பதற்கே வெற்றி வாய்ப்பு அதிகம் என்று விதியும் சொல்கிறது. மண் ஏற்கெனவே சரியான மண். தண்ணீர் மட்டும்தான் போய்விட்டது. நல்ல நிலையில் உள்ளதை அப்படியே காப்பதற்கும் கிரெடிட் உண்டு, ஆனால் மிகக் குறைவாக.

வாங்குமுன் பத்திரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். அமெரிக்காவில் நிலத்தின் மேல்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள கனிம, எண்ணெய் உரிமை இன்னொருவருக்கும் இருப்பது சகஜம். நாளைக்கு அவர் வந்து துளையிட முடியுமென்றால் உங்கள் நிரந்தரப் பாதுகாப்பு வெறும் காகிதம். மின்கம்பி, குழாய் போகும் உரிமைப்பாதைகளையும் கழித்துக் கணக்கிடுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்: சதுப்பு மீண்டால் பறவைகள் வரும், விமானத்தில் மோதும். விதியிலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது.

படி 7: ஒப்புதல்

முதலில் திட்டச் சுருக்கம். அது முப்பது நாள் பொது அறிவிப்பில் இருக்கும். படையின் தலைமையில் இ.பி.ஏ., மீன்–வனவிலங்குத் துறை, மாநிலத் துறைகள் எல்லாம் சேர்ந்த கூட்டு மறுஆய்வுக் குழு பார்க்கும். பிறகு வங்கியின் ஆவணம். இலக்கு, நிலத்தேர்வு, இன்றைய நிலை, கிரெடிட் கணக்கு, வேலைத்திட்டம், செயல்தரம், கண்காணிப்பு, நிதி உத்தரவாதம் என்று மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். கூட்டாட்சி மறுஆய்வுக்கு விதி வைத்த கெடு 225 நாள். உங்கள் பக்கம் திருத்தி எழுதும் நாட்கள் அதில் சேராது. அதனால் ஓராண்டில் முடியும் என்று வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள்.

படி 8: தண்ணீரைத் திரும்பக் கொண்டுவருவது

எல்லாம் இதில்தான். தண்ணீர் சரியாக இருந்தால் செடி பின்னால் வரும். தண்ணீர் தப்பினால் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் வீண்.

மத்திய புளோரிடாவின் பழைய மேய்ச்சல் நிலங்களில் வடிகால்கள் கட்டம் கட்டமாக வெட்டியிருப்பார்கள். வெட்டிய மண் அப்போதே கரையோரம் குவிந்து, இன்றைக்கு அதன்மேல் மரமே வளர்ந்திருக்கும். அந்த மண்ணையே திரும்ப வாய்க்காலில் தள்ளுவதுதான் வேலை. முழு நீளத்தையும் நிரப்ப மண் போதாதபோது இடைவெளி விட்டு அடைப்புகள் போடுவார்கள். முதலில் வாய்க்காலின் அடியில் சேர்ந்த சேற்றை வழித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடைப்புக்கு அடியில் வழி கண்டுபிடித்துவிடும். பிறகு அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்கி, இறங்கும் என்று தெரிந்து தரைமட்டத்துக்கு மேலேயே கொஞ்சம் மேடாக விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் தண்ணீர் ஏறினால் வழக்கு வரும். ஆகவே நீரோட்ட மாதிரிக் கணக்கு, எல்லையில் தடுப்புக்கரை எல்லாம் முன்பே வேண்டும்.

தண்ணீர் வந்ததா என்பதைச் சாட்சி சொல்லப் போவது ஒரு பிளாஸ்டிக் குழாய். பக்கமெல்லாம் மெல்லிய கீறல் போட்ட குழாயைத் தரையில் இறக்கி, உள்ளே அழுத்தம் அளக்கும் சிறு பதிவுக்கருவியைத் தொங்கவிடுவார்கள். அது நாள்தோறும் நீர்மட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும். வளர்பருவத்தில் தொடர்ந்து 14 நாளாவது தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள் தண்ணீர் நிற்பது என்பது வழக்கமான அடிமட்டத் தரம். நல்ல வங்கி ஆவணங்கள் அந்த வகைச் சதுப்புக்கு ஏற்ப அதைவிடக் கூடுதலாகவே கேட்கும். வேலை தொடங்குவதற்கு ஓராண்டாவது முன்பே குழாய்களை இறக்கிவிடுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் பின்பு உயர்ந்ததை நிரூபிக்க முடியாது.

சைப்ரஸ் விதை தண்ணீருக்குள் முளைக்காது. ஈரமான வெறும் தரை வேண்டும். அதனால் பெரும்பாலும் கன்றாகத்தான் நடுகிறார்கள். நட்ட வாரத்திலேயே காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து வரிசையாகக் கிளறிப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. அதைவிடப் பெரிய எதிரி மெலலூக்கா. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சதுப்பை வற்றவைக்கவும் பரப்பினார்கள். நம் சீமைக் கருவேலம் போலத்தான். வெட்டினால் துளிர்க்கும், எரித்தால் விதையைக் கொட்டும். வெட்டிய அடியில் உடனே மருந்து பூசி, ஆண்டுக்காண்டு திரும்ப வந்து பார்க்க வேண்டும். இந்தச் செலவைக் குறைத்து எழுதிய திட்டங்களை நம்பாதீர்கள்.

படி 9: கிரெடிட் விடுவிப்பு

கிரெடிட் மொத்தமாகக் கைக்கு வராது. ஆவணம் ஒப்புக்கொள்ளப்பட்டு, நிலத்தின்மேல் நிரந்தரப் பாதுகாப்புப் பத்திரம் பதிவாகி, நிதி உத்தரவாதம் கட்டிய பிறகு முதல் தவணை. மாதிரிக்கு 15 சதவீதம் என்று வைத்தால், நம் 23 கிரெடிட்டில் மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. மண்வேலை முடிந்ததும் இன்னொரு பங்கு. மீதி அத்தனையும் செயல்தரத்தைப் பொறுத்தது: நீர்மட்டம் இத்தனை நாள் நின்றதா, நட்டதில் இத்தனை சதவீதம் பிழைத்ததா, அயல் களை இந்த அளவுக்குக் கீழ் இருக்கிறதா. கண்காணிப்பு குறைந்தது ஐந்தாண்டு. மரச் சதுப்புக்கு அதைவிட நீளம்.

முதல் தவணையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு வாய்க்கால்கூட அடைபடாத நிலையில், பத்திரத்தின் பேரிலேயே விற்பனை தொடங்கிவிடுகிறது. முதலீட்டாளருக்குக் கொஞ்சம் பணம் சுற்ற வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. முதல் விற்பனைக்குப் பிறகு வரும் முதல் முழு வளர்பருவத்துக்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும் என்று விதி கட்டிப்போட்டிருப்பதும் உண்மை. இருந்தாலும் முதல் தவணை பெரிதாகவும் கடைசித் தவணை சிறிதாகவும் உள்ள வங்கியைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. கடைசியில் பெரிய தொகை பூட்டியிருந்தால்தான் ஏழாம் ஆண்டிலும் ஆள் அனுப்பிக் களை பிடுங்குவார்கள்.

தரம் எட்டாவிட்டால் விடுவிப்பு நிற்கும். திருத்தத் திட்டம் கேட்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் விற்பனையை நிறுத்தி, உத்தரவாதப் பத்திரத்திலிருந்தோ பண வங்கி கொடுத்த கடனுறுதிக் கடிதத்திலிருந்தோ பணத்தை எடுத்து வேறொருவரைக் கொண்டு வேலையை முடிக்க வழி இருக்கிறது. கண்காணிப்பு அறிக்கையை அதிகாரி படித்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2005-ல் அரசின் கணக்குப் பொறுப்பு அலுவலகம், ஈட்டு வேலைகளைப் பொறியாளர் படை சரியாக மேற்பார்க்கவில்லை என்று கடுமையாகவே எழுதியது.

இந்த முறை எங்கே ஒழுகுகிறது

ஆர்லாண்டோவுக்குத் தெற்கே, கிஸ்ஸிமி அருகே, டிஸ்னி வனப்பகுதிப் பாதுகாப்பகம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், டிஸ்னி வேர்ல்டின் பல ஆண்டு விரிவாக்கத்தால் வரும் சேதத்துக்கு ஈடாக ஒரு பழைய மாட்டுப் பண்ணையை வாங்கி, நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்தார்கள். பின்னர் விமான நிலைய ஆணையமும் தன் பங்குக்கு நிலம் சேர்த்தது. இன்று சுமார் 12,000 ஏக்கர். சட்டப்படி அது வங்கி இல்லை, ஆனால் வங்கிகளின் வாதமே அதுதான்: பார்க்கிங் ஓரத்தில் அரை ஏக்கர் குட்டைகள் நூறு வெட்டுவதைவிட, தொடர்ச்சியான ஒரே பெரும்பரப்பு மேல். பறவைக்கும் ஆமைக்கும் அது சரிதான்.

நகரத்துக்குச் சரியா? புளோரிடாவில் செய்த ஆய்வொன்று, வங்கிகளால் சதுப்பு நிலங்கள் மக்கள் நெருங்கி வாழும் இடங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு இடம்பெயர்கின்றன என்று காட்டியது. நம் கிடங்கு மூலையில் தேங்கிய மழைநீர் பக்கத்துத் தெருவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நாற்பது மைல் தள்ளி மீண்ட சதுப்பு அந்தத் தெருவுக்கு ஒன்றும் செய்யாது. அதை மழைநீர்க் குளம்தான் ஈடு கட்ட வேண்டும், அது கிரெடிட் கணக்குக்குள் வராத தனி வடிவமைப்பு. இந்தியாவில் காட்டுக்குப் பதில் காடு வளர்க்கும் நிதிக்கு 2016-ல் தனிச் சட்டமே வந்தது. அதிலும் இதே கேள்வி எழுகிறது, மாற்று நிலம் எங்கோ கிடைக்கிறது, இழப்பு இங்கே நிற்கிறது.

படி 10: நிரந்தரம் என்றால் யார் காசு?

கடைசிக் கிரெடிட் விற்றதும் வங்கி நடத்துபவருக்கு அந்த நிலத்தால் வருமானம் இல்லை. களையும் பன்றியும் வேலியும் மட்டும் மிஞ்சும். பைன் சூழ்ந்த நிலமென்றால் சில ஆண்டுக்கொரு முறை திட்டமிட்டுத் தீ வைத்துப் புதரை எரிக்க வேண்டும். அதற்கு ஆள், அனுமதி, காற்றுத் திசை எல்லாம் ஒத்துவர வேண்டும். இதற்காகத் தொடக்கத்திலேயே ஒரு வைப்புநிதி கேட்கிறார்கள். அசலைத் தொடாமல் வருமானத்தில் செலவு நடக்க வேண்டும். ஆண்டுச் செலவு 35,000 டாலர், பணவீக்கம் போக நிதியின் வருமானம் 3.5 சதவீதம் என்றால் 10 லட்சம் டாலர் வேண்டும். வருமானத்தை 5 சதவீதம் என்று எழுதிவிட்டால் 7 லட்சம் போதும் என்று காட்டலாம். திட்டக் கோப்பில் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய எண் இதுதான்.

நிதியை யார் வைத்திருக்கிறார்கள், பாதுகாப்புப் பத்திரம் எந்த நில அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது, அந்த அமைப்பு மூடப்பட்டால் உரிமை யாருக்குப் போகும் என்ற மூன்றும் வங்கி ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கிரெடிட் வாங்கும் கம்பெனிக்கு இதைப் பார்க்கச் சட்டக் கட்டாயம் இல்லை. ரிபிட்ஸில் பெரும்பாலும் ஆவணம் பதிவேற்றியிருப்பார்கள். விலை ஒன்றுபோல இருக்கும் இரண்டு வங்கிகளில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டியிருந்தால் இந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.